விளிம்புக்கு வெளியே பதினாறு லட்சம்

பெருந்துறைச் சாயப்பட்டறை ஒன்றில் சூடு பார்த்து எழுதும் டெய்சி, 2024 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை வெயிலுக்கு மறைப்பாகக் கையைத் தூக்கினாள். சூரியனின் சூடு அவள் உள்ளங்கையில் எண்ணாகத் தெரிந்தது. சூரியனின் முகத்தில் ஐயாயிரத்து ஐந்நூறு டிகிரி. விளிம்புக்கு வெளியே வளைந்து நிற்கும் வளையங்களில் பதினாறு லட்சம். அவற்றின் நடுவே தொங்கிய ஒரு திரியில் மட்டும் எட்டாயிரம். மணிக்கொரு தடவை ஆறு தொட்டிகளின் சூட்டை நோட்டில் ஏற்றுவது அவள் வேலை. தெரிந்த சூட்டை எழுதாமல் விட மனம் வராமல் ஏழாவதாக இதையும் எழுதினாள்.

மேனேஜர் மோகன்குமார் கேன்டீன் டீயைக்கூட மோந்து பார்த்துத்தான் குடிப்பார். அந்த ஏழாவது வரியில் விரலை வைத்தார். "ஏனுங்க டெய்சி, அடுப்ப உட்டுத் தள்ளிப் போனாச் சூடு கொறையுமா, கூடுமாங்க?"

"கொறையோணுமுங்க. ஆனா அங்க கூடுதுங்க. நான் என்னங்க பண்றது?"

அவர் கேட்டதில் தப்பில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். டெய்சி எழுதிய பதினோரு வருஷத்து நோட்டுகளும் பரணிலிருந்து இறங்கின. இவள் அப்போதும் மனம்போல எழுதியிருந்தால்? பொய்யாக எழுதுகிறவள் என்று பெயர் வந்துவிட்டால் ஊரில் எந்தப் பட்டறையும் சேர்க்காது. வேலை போவதைவிட அந்தப் பெயருக்குத்தான் டெய்சி பயந்தாள். புருஷன் சகாயம் வேறு, "உனக்கு ஆரு இதெல்லாம் சொல்லித் தர்றா?" என்று அவள் செல்போனை வாங்கி நோண்டினான். அன்றைக்கு அவள் அழுதேவிட்டாள்.

கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றில் சூரியனை ஆராயும் சண்முகப்ரியாவிடம் சரிபார்க்க நோட்டு போனது. விண்கலத்து அளவுகளோடு நாற்பத்தொரு நாள் வரிகளையும் ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரி, அங்கே சூடு ஏன் கூடுகிறது என்பதுதான் உலகத்துக்கே இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை என்றார். மோகன்குமாருக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. "நீங்க ரெண்டு பேரும் ஒரே ஊருங்களா?" என்று கேட்டார்.

வேலையை விட்டு நீக்கும் நோட்டீஸ் கையெழுத்துக்கு வந்த ஜூன் பன்னிரண்டாம் தேதி, காலையிலிருந்தே மூட்டம். மோகன்குமார் அன்றைய நோட்டைக் கடைசியாக ஒரு தடவை புரட்டினார். ஏழாவது கட்டத்தில் பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் 'தெரியவில்லை' என்று இருந்தது. இருபது வருஷத்தில் அந்தப் பட்டறையில் யாரும் அப்படி எழுதியதில்லை. பார்க்க மறந்தால் முந்தின மணிக்கு எழுதியதையே திரும்ப எழுதிவிடுவதுதான் வழக்கம். சூப்பர்வைசராக இருந்தபோது அவரும் அதைத்தான் செய்தார். டெய்சியைக் கூப்பிட்டார்.

"ஏன் அம்மணி, நேத்து நெம்பரையே எழுதிப்போட்டிருக்கலாமில்ல? ஆரு போய்ப் பாக்கப் போறாங்க?"

"பாக்காதத எப்படிங்க எழுதறது?"

மோகன்குமார் நோட்டீசைக் கிழித்துப் போட்டார். அடுத்த மாதம் அச்சாகி வந்த நோட்டில், ஆறு தொட்டிகளுக்குப் பக்கத்தில் 'சூரியன், வெளிவட்டம்' என்று ஏழாவது கட்டமும் இருந்தது. தணிக்கைக்கு வந்தவர்கள் பதினாறு லட்சத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்கள். மற்ற ஷிப்ட் ஆட்களின் நோட்டில் ஒருநாள்கூட 'தெரியவில்லை' இல்லையே, அதெப்படி என்று மட்டும் கேட்டார்கள்.