வால் வெட்டிய குதிரை

ரௌஷானுக்குக் காலையிலிருந்தே எரிச்சல். கஜகஸ்தானின் அல்மாட்டி நகரத்தில் அவள் ஓவியத்தை மாட்டியிருந்த கூடத்துக்கு வந்தவர்களில் ஒருவருக்குக்கூட அது புரியவில்லை.

ஓவியத்தில் நின்றது அவள் அப்பாவின் செங்குதிரை. வால் பாதியில் வெட்டப்பட்டிருந்தது. சேணம் துக்கத்துக்கு அடையாளமாக முன்பின்னாகத் திருப்பிப் போடப்பட்டிருந்தது. காலடியில், எடுக்க ஆளில்லாமல் அப்பாவின் சாட்டை. வீட்டுத் தலைவர் இறந்துபோனால் அவர் குதிரையின் வாலை மகன் வெட்டி, இனி யாரும் ஏறாதபடி மந்தையில் விடுவான். சாட்டை அவன் கைக்குப் போகும். அவள் பிறந்து வளர்ந்த கெகென் மலைப்பக்கத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நகரத்து மேதாவிகளுக்குத் தெரிந்தால்தானே! ஒரு பேராசிரியர், இழந்த சுதந்திரம் என்றார். ஒரு மாணவி, வாயடைக்கப்பட்ட பெண் என்று சொல்லிக் கண் கலங்கினாள். ஒரு கட்டட ஒப்பந்தக்காரர், வாலை மட்டும் முழுசாகப் போட்டுக் கொடுத்தால் தன் அலுவலகத்தில் மாட்டிக்கொள்வதாகச் சொன்னார். கூடத்தை நடத்தும் ஷோல்பான் அக்கா, பக்கத்தில் நாலு வரி விளக்கம் ஒட்டிவிடலாமா என்று மறுபடியும் வந்து கேட்டாள். ஒட்டினால் படத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடுவேன் என்று ரௌஷான் சீறினாள்.

அவள் அதை வரைந்தது ஒரே ஒரு ஆளுக்காக. அண்ணன் எர்சாயின், தூரத்து அக்தாவ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அப்பாவின் அடக்கத்துக்கு அவன் வரவில்லை. ஏழாம் நாள் விருந்துக்கும் வரவில்லை. பிறகு மந்தையில் வால் வெட்டிய குதிரையைப் பார்த்தபோது, மகன் செய்ய வேண்டியதை மேய்ப்பர் ஓமிர் மாமா செய்யும்படி ஆகிவிட்டதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. வாயால் கேட்டால் அழுதுவிடுவோம் என்று பயந்து, படமாக வரைந்து கேட்டாள். இன்று அவனை வரச் சொல்லியிருந்தாள். சாட்டையைப் பார்த்து அவன் தலைகுனிந்தால் உறவு உண்டு, இல்லாவிட்டால் இன்றோடு சரி என்று முடிவு கட்டியிருந்தாள்.

சாயங்காலம் அவன் கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தான். கூடத்தில் இருந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். அவனோ சாட்டையை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே வாலருகே போய், மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து நின்றான்.

"என்ன, ஏதாச்சும் புரியுதா?" என்றாள் ரௌஷான்.

"வெட்டு இடதுபக்கமா சாஞ்சிருக்கு. அப்படியே போட்டிருக்கியே."

"அதுவாண்ணே இப்போ முக்கியம்? மாமா வெட்டினபடி வரைஞ்சேன்."

"மாமாவுக்கு வலதுகைப் பழக்கம்மா" என்றான் அவன், திரும்பாமலே.

ரௌஷானுக்குத் திக்கென்றது. சின்ன வயதில் அவன் இடதுகையால் சாப்பிட்டபோதெல்லாம் அப்பாவிடம் போட்டுக்கொடுத்தவளே அவள்தான்.

அவன் மெல்லச் சொன்னான். செய்தி கிடைத்து ரயிலேறி வந்து சேர்வதற்குள் அப்பாவை மண்ணில் வைத்துவிட்டார்கள். வீட்டிலிருந்து வந்த ஒப்பாரியைக் கேட்டதும் உள்ளே நுழைய முகமில்லை. மந்தைக்குப் போனான். குதிரை தானாகவே அவனிடம் வந்து நின்றது. வெட்டிவிட்டு, யாரிடமும் சொல்ல வேண்டாமென்று மாமாவைக் கேட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டான்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"வாலைப் பாத்தா உனக்குத் தெரிஞ்சிரும்னு நெனச்சேன். நீதான் எல்லாத்தையும் உத்துப் பாக்கிறவளாச்சே."

மாதக்கணக்கில் அந்தச் சாய்வைத்தான் முடி முடியாக வரைந்திருந்தாள். காலையிலிருந்து திட்டித் தீர்த்தவர்களெல்லாம் நினைவுக்கு வந்தார்கள். அந்த ஒப்பந்தக்காரராவது வாலைக் கவனித்தார். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரைத் திட்டுவதென்றுதான் தெரியவில்லை.

"சாட்டை வீட்டுல ஆணியிலேயே தொங்குது" என்றாள். "வந்து எடுத்துத் தொலை."

அவன் அப்போதுதான் தலைகுனிந்தான்.