பிரியந்தி கையை இறக்காத ஞாயிறு

திங்கட்கிழமை மாலை பிரியந்தி வீசிய பந்து வியாழக்கிழமை காலைதான் வளையத்துக்குள் விழுந்தது. ராகலைக்கு மேலே இருக்கும் சின்னக்காட்டுத் தோட்டத்தில் அதை முதலில் பார்த்தவர்கள், பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளை விட வந்த தாய்மார்கள். வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதால் அவர்கள் நின்று விசாரிக்கவில்லை. பந்து பலகையில் படாமல், வலையை மட்டும் தொட்டுக்கொண்டு சுத்தமாக இறங்கியது என்றும், கொஞ்சம் ஈரமாக இருந்தது என்றும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்கள். இடைப்பட்ட நாட்களில் அது பிள்ளைக்காம்பராவின் கூரைக்கு மேலே மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. பனிமூட்டம் விலகியபோதெல்லாம் தெரிந்தது. ஒரு காகம் அதன்மேல் உட்காரப் பார்த்து, வழுக்கியதால் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் வளையம் மாட்டிக்கொடுத்தது ஏதோ ஒரு தொண்டு நிறுவனம். மாட்டியவர்கள் படம் பிடித்துக்கொண்டு போனதோடு சரி, திரும்ப வரவில்லை. பெண்பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியது அம்ஜத். ராகலைக் கடைத்தெருவில் கைபேசி பழுதுபார்க்கும் அவன், பள்ளிக்கூட நாட்களில் ஆடியவன். ஞாயிறுதோறும் கடையை வாப்பாவிடம் விட்டுவிட்டு மேலே ஏறி வருவான். வருகிற பிள்ளைகளில் பிரியந்திதான் கெட்டிக்காரி. வயது இருபத்திரண்டு. சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு கொழுந்து பறிக்கப் போனவள். ஓர் இடத்தில் நிற்கத் தெரியாத பிள்ளை. சோறு வேகுமுன் பத்துத் தரம் மூடியைத் திறந்து பார்ப்பாள். இழவு வீட்டில்கூட அவளால் உட்கார முடியாது. கீழே றோட்டில் பஸ் சத்தம் கேட்டால், தனக்கு வேண்டிய பஸ் இல்லை என்று தெரிந்தாலும் எழுந்து பார்த்துவிட்டுத்தான் மறுபடி உட்காருவாள். அவள் வீசிய பந்து ஒன்றுகூட வளையத்தைத் தவறவிட்டதில்லை. வந்து சேரத்தான் நாளானது.

இதனால் தோட்டத்து அணிக்கு நட்டம் கொஞ்சநஞ்சமல்ல. உடப்புசல்லாவைப் பக்கத்து அணியோடு நடந்த ஆட்டத்தில் பிரியந்தி வீசியதெல்லாம் மேலே போய் நின்றுகொண்டன. நடுவர் வேறு பந்துகளை வரவழைத்து ஆட்டத்தை முடித்து, ஊதலைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். தோட்டம் தோற்றது ஞாயிறு மாலை. வென்றது புதன் காலை. அந்த மைதானத்துக் காவற்காரர் தொலைபேசியில் அழைத்து, எல்லாப் பந்தும் சரியாக விழுந்துவிட்டன, வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். கோப்பையை அதற்குள் மற்றவர்கள் கொண்டுபோய் அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். கேட்டுப் பார்க்கக் கூச்சமாக இருந்தது என்று அம்ஜத் பின்னால் சொன்னான்.

இந்த வருடம் மாசி முடிகிற நேரத்தில் ஒரு செய்தி வந்தது. கொழும்பில் ஓர் ஆடைத் தொழிற்சாலை தன் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்க நுவரெலியாவுக்கு வருகிறதாம். எடுபடுகிறவளுக்கு வேலையும் உண்டு, தங்க இடமும் உண்டு. அன்றிலிருந்து பிரியந்திக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவளுடைய அம்மா சண்முகவடிவுக்கும் பிடிக்கவில்லை, காரணம்தான் வேறு. சண்முகவடிவுக்குக் கால் வீங்கிப்போய், அடுத்த வருடம் வேலையிலிருந்து நிற்க வேண்டிய நிலை. வேலைக்கு ஒருவரும் பேர் போடாத வீட்டாரை, தோட்டம் கொடுத்த லயக்காம்பராவிலிருந்து எழுப்பிவிடப் போவதாகப் புதுத் துரை சொன்னார் என்று, மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா சொல்லியிருந்தார். துரை சொன்னாரோ இல்லையோ, கண்டாக்கையா சொன்னது பயப்படப் போதுமானதாக இருந்தது.

"நீ போயிட்டா இந்தக் காம்பராவ யாரு புடிச்சு வைக்கிறது?" என்று சண்முகவடிவு கேட்டாள்.

"அதுக்காக நானும் ஒங்கள மாதிரி மலையில நின்னு கால் வீங்கணுமாம்மா?"

சண்முகவடிவு ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். அந்த வாரம் முழுக்க இருவரும் பானை சட்டியோடுதான் பேசிக்கொண்டார்கள்.

அம்ஜத் தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தான். முழங்கையை வெளியே விரிக்காமல் பந்துக்கு நேர் கீழே வைக்கச் சொன்னான். முழங்காலை மடக்கி, அந்த விசை மணிக்கட்டுக்கு வந்து சேரும்படி எழும்பச் சொன்னான். இத்தனைக்கும் பலன், வியாழக்கிழமை வர வேண்டிய பந்து புதன்கிழமை வந்ததுதான். பிறகு ஒரு நாள், பழுதுபார்த்த கைபேசி ஒன்றைக் கொடுப்பதற்காக அவன் மலைக்கே வந்தான். பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். பிரியந்தி இரண்டு கையாலும் பறித்து, தோளுக்கு மேலாகப் பின்னால் கூடையில் எறிவதையும், கொழுந்து கூடையில் விழுமுன்பே கைகள் அடுத்த செடிக்கு வந்துவிடுவதையும் அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். மலையில் யாரும் கொழுந்து விழும்வரை காத்திருப்பதில்லை. காத்திருந்தால் கூடை நிறையாது, கூடை நிறையாவிட்டால் முழுநாள் சம்பளத்துக்கான முழுப்பேர் கிடைக்காது.

"பந்தையும் நீங்க இப்படித்தான் எறியிறீங்க," என்றான் அம்ஜத். "விட்ட ஒடனே கைய எறக்கிடுறீங்க. பொறகு அது எதுக்கு அவசரப்படணும்? விழுற வரைக்கும் கை மேலயே நிக்கணும். மணிக்கட்டு மடங்கி, வெரல் வளையத்தப் பாத்தபடியே."

"எவ்வளவு நேரம் நானா?" என்று, அண்ணனைக் கூப்பிடுவதுபோல், கேட்டாள் பிரியந்தி.

"விழுற வரைக்கும்."

சொல்வது சுலபம். பிரியந்திக்கு அது தண்டனை. கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் மூக்கு அரித்தது, முந்தாநாள் ஊறப்போட்ட துணி ஞாபகம் வந்தது, கீழே ராகலை பஸ் ஹோர்ன் அடித்தது. கை தாழ்ந்த கணமே மேலே பந்தும் நின்று, பிறகு பழையபடி ஆமை நடைக்குத் திரும்பிவிடும். ஒரு நாள் பெரட்டுக்கு முன் வீசிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஆட்களெல்லாம் மலைக்குப் போனார்கள். கண்டாக்கையா வந்து, எந்த பஸ்ஸுக்குக் கை காட்டுகிறாய் என்று கேட்டார். பஸ்ஸுக்கு இல்லை, பந்துக்குத்தான் என்று அவள் சொன்னதும் அரைப்பேர் போட்டுவிட்டுப் போனார். பந்து மத்தியானத்துக்குள் விழுந்தது. கையில் உயிர் வந்ததும் அவள் வீட்டுக்கு ஓடினாள், சொல்ல ஆள் இல்லாததால் பூனையிடம் சொன்னாள்.

தெரிவு நடந்த ஞாயிற்றுக்கிழமை சண்முகவடிவும் பஸ் ஏறினாள். அவளை யாரும் அழைக்கவில்லை. காலுக்கு மருந்து வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டாள். மருந்து ராகலையிலும் கிடைக்கும். நுவரெலியா மைதானத்தில் மற்றப் பிள்ளைகள் மாறி மாறி வீசி, விழுந்ததும் விழாததுமாக நேரம் போனது. ஆள் எடுக்க வந்தவர் ஜீவராணி என்ற பயிற்சியாளர். அதிகம் பேசாத பெண்.

"இவங்கட பந்து கொஞ்சம் சுணங்கும் மேடம்," என்றான் அம்ஜத்.

"எவ்வளவு சுணங்கும்?"

"அது சொல்லேலா. ஆனா விழும்."

"நாங்க வெளிச்சம் இருக்கும்போதே கண்டியைத் தாண்டணும். அதுக்குள்ள வந்தா பார்ப்போம்," என்றார் ஜீவராணி.

பிரியந்தி ஒரே பந்தை வீசினாள். அது உயர்ந்து பனிக்குள் போனது. அவள் கை மேலேயே நின்றது. பார்த்தவர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சோற்றுப் பொதியைப் பிரித்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவினார்கள். தூறல் வந்து நின்றது. மைதானத்துக்கு வெளியே ராகலை பஸ் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆள் ஏற்றியது. பிரியந்தியின் பாதம் தன்பாட்டில் ஒரு பக்கம் திரும்பி, மறுபடி நேரானது. பந்து பனியை விட்டு வெளியே வந்து, எல்லோரும் பார்க்க வளையத்தை நோக்கி இறங்கத் தொடங்கிய நேரம் அவளுடைய தோள் நடுங்கியது. முழங்கை தாழ்ந்தது. பந்து நின்றது. கொழும்புக்குப் போகிற வான் வண்டியை யாரோ ஸ்டார்ட் பண்ணினார்கள்.

அப்போது சண்முகவடிவு படியிலிருந்து எழுந்தாள். எல்லைக்கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வீங்கிய காலோடு மைதானத்தின் நடுவே நடந்து வந்தாள். மகளின் முழங்கைக்குக் கீழே தன் உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தாள்.

"கால் வலிக்குமேம்மா."

"வலிக்கட்டும். நீ வளையத்தப் பாரு."

"காம்பராவுக்கு என்னம்மா செய்வீங்க?"

"அத நான் பாத்துக்கிறேன் புள்ள. நீ போ."

இப்படிப் பிடிக்கலாமா என்று ஜீவராணி, தெரிவுக்கு வந்திருந்த நடுவரிடம் கேட்டார். பந்து கையை விட்டுப் போன பிறகு தாய் பிடிக்கக்கூடாது என்று எங்கும் எழுதியிருப்பதாகத் தனக்குத் தெரியவில்லை என்றார் நடுவர். பந்து நகர்ந்தது. வளையத்துக்குள் இறங்கி, வலையை ஒரு தரம் உதறிவிட்டுத் தரையில் விழுந்தது. ஜீவராணி வானை நிறுத்தச் சொல்லிவிட்டு, பிள்ளையின் முழுப்பெயர் என்ன என்று கேட்டார்.

"இனி எறக்கு," என்றாள் சண்முகவடிவு. பிரியந்தி கையை இறக்கி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அடுத்த மாதம் அவள் கொழும்புக்குப் போனாள். அங்கே அவளுடைய பந்து மற்றவர்களுடைய பந்தைப் போலவே உடனுக்குடன் விழுகிறது, கையும் அதுவரை மேலே நிற்கிறது என்று அம்ஜத் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். சின்னக்காட்டில் காம்பராவைப் பற்றிக் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை. மகளை பஸ் ஏற்றிவிட்ட அன்று சண்முகவடிவின் வலது கை, ஒரு முழங்கையைத் தாங்குகிற உயரத்தில், உள்ளங்கை மேலே பார்த்தபடி நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் எண்ணெய் போடச் சொன்னார்கள். அவள் இடது கையால் பறிக்கிறாள். தேத்தண்ணி நேரத்தில் பக்கத்து நிரைப் பெண்கள் கோப்பையை அவளுடைய வலது உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். பிரியந்தி லீவில் வருகிற நாட்களில், பஸ்ஸிலிருந்து பையை வாங்குவதற்காக அந்தக் கை இறங்கும்.