மூடினால் மூச்சடைக்கும் லாரி

பழைய இரும்பு வாங்கும் இரும்புக்காரர் வாசலுக்கு வந்தபோது, அந்தப் பெட்ரோல் லாரியின் பானெட் இன்னும் திறந்தே கிடந்தது. நாற்றுப்பண்ணைச் செடிகளைப் பன்னிரண்டு ஆண்டுகளாய் அதில் ஏற்றி ஓட்டியவள் அவள். "இரும்புக்காரர் கிளம்புறதுக்குள்ள ஓடிச்சுன்னா வச்சுக்கோ, இல்லேன்னா அனுப்பிடு" என்று கணவன் கறாராய்ச் சொல்லிவிட்டு வேலைக்குப் போயிருந்தான்.

"கொஞ்சம் உட்காருங்கண்ணே."

"உட்கார்றேன்மா. இது ஓடுறதுக்குள்ள எனக்கு நரைக்காம இருந்தா சரி."

"அதெல்லாம் ஏற்கெனவே நரைச்சாச்சுண்ணே" என்றான் கொழுந்தன். பெட்ரோலில் காற்றைக் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் லாரிக் கம்பெனியுடையதாய்க் கிடைக்காமல், வெளிக்கடையில் வாங்கிய புதியதை எஞ்சின்மேல் அமர்த்தியிருந்தவன் அவனே.

அவள் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இருமிற்று, செருமிற்று, பிறகு ஓடலாயிற்று. பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூவை அவன் மயிரிழை மயிரிழையாய் உள்ளே திருக, ஓசை தடுமாறியது. அரைச்சுற்று வெளியே எடுக்கவும் சுருதி சேர்ந்தது.

"அதான் தம்பி! அப்படியே விடு!"

அவன் ஏர் ஃபில்டரைக் கார்புரேட்டர்மேல் வைத்து இறுக்கினான். கரும்புகை கக்கி எஞ்சின் நின்றது. கழற்றினால் பாடியது, மாட்டினால் நின்றது. மூன்று முறையும் அதே கதை.

"உங்க கால்தான் சரியில்லை அண்ணி. ஆக்சிலேட்டரை மிதிக்கிறீங்களா, தாலாட்டுறீங்களா?"

"என் காலை ஏன் இழுக்குற? தொறந்தா பாடுது, மூடினா மூச்சடைக்குது. கோளாறு மூடுறதுலதான்."

இரும்புக்காரர் எழுந்து, தம் வண்டியிலிருந்து கயிற்றை இழுத்து லாரியின் பம்பரில் கட்டத் தொடங்கினார். அவள் கதவைத் திறந்தாள். இறங்கி ஓடி வந்து, ஃபில்டரைத் தானே கழற்றி, மறுபடி அங்குலம் அங்குலமாய்த் தாழ்த்திக் குனிந்து பார்த்தாள். அதன் விளிம்பு ஒரு சிறு கம்பியை அழுத்த, உள்ளே காற்றுவழியில் இருந்த சோக்கின் தகடு இமைபோல் மூடிக்கொண்டது.

"சோக்கை இடிக்குது தம்பி! பழைய கார்புரேட்டர்ல இந்தக் கம்பி அடங்கி இருந்துச்சு, இதுல நீட்டிக்கிட்டு நிக்குது. அப்புறம் காத்து எப்படிப் போகும்?"

"ஒரு விரல் உசரம் தூக்கினா போதும் அண்ணி. அடியில வைக்க வளையத்துக்கு எங்க போறது?"

இருவர் பார்வையும் இரும்புக்காரரின் வண்டியில் கிடந்த பழைய சாமான் குவியல்மேல் போயிற்று.

"என்னை எதுக்குப் பார்க்குறீங்க?" என்றார் அவர். ஆனால், கை அதற்குள் குவியலைத் துழாவிக்கொண்டிருந்தது. அகப்பட்ட அலுமினிய வளையம் அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. அதன்மேல் ஃபில்டரை இறுக்கினார்கள். அவள் ஏறிச் சாவியைத் திருப்பினாள். இம்முறை எஞ்சின் நிற்கவில்லை, ஒரே சீராய் முழங்கிக்கொண்டிருந்தது.

"லாரி எடுக்க வந்தவன் வளையத்தையும் குடுத்துட்டுப் போறேன்! என்னை மாதிரி வியாபாரி உண்டா?"

"முதல்ல முடிச்சை அவுத்துடுங்கண்ணே!" என்று சிரித்தபடி அவள் கியரைப் போட்டாள். "இல்லேன்னா உங்க வண்டியையும் சேர்த்துப் பண்ணைக்கு இழுத்துட்டுப் போயிடுவேன்."