சாக்ஸில் இறங்கிய பென் டிரைவ்

அண்ணியின் வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. படியில் கால் வைக்கக் கூடாதென்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே அவள் மாடியில் உட்கார்ந்து டிசைன் வரைந்தாள். கீழே கடையில் நாத்தனார் எம்பிராய்டரி மிஷினை ஓட்டினாள். டிசைன் கீழே போவதற்கு ஜன்னலிலிருந்து ஒரு கயிறு, கயிற்று நுனியில் துணி கிளிப், கிளிப்பின் வாயில் பென் டிரைவ்.

அன்று மாலை ஐந்து மணிக்குப் பெண்கள் கால்பந்துக் குழு பஸ் ஏறியாக வேண்டும். பதினான்கு ஜெர்சி, முதுகில் ஆளுக்கொரு பட்டப்பெயர். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இறக்கியிருக்கலாம். ஆனால் ஒருத்திக்கு மற்றவர்கள்தான் பெயர் வைக்க வேண்டும் என்று குழுவில் ஏற்பாடு. சண்டை போட்டு, சிரித்து, ஓட்டெடுத்து, முடிவான பெயரை ஒவ்வொன்றாகத்தான் பயிற்சியாளர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். கடை திறந்த நான்கு மாதத்தில் இதுதான் முதல் பெரிய வேலை. சொன்ன நேரத்தில் கொடுத்தால்தான் 'அந்த ரெண்டு பொம்பளைங்க கடை' என்ற பேச்சு 'எம்பிராய்டரி கடை' என்று மாறும்.

மூன்று ஜெர்சி முடிந்தது. நான்காவது பெயர் இறங்கும்போது கிளிப் வாயைப் பிளந்தது. பென் டிரைவ் சாக்கடைக் கம்பிகளுக்கு நடுவே குறி பார்த்ததுபோல் விழுந்தது.

"அண்ணி, போச்சு!"

"என்னடி போச்சு?"

"உங்க பென் டிரைவ் குளிக்கப் போயிடுச்சு!"

மணி ஒன்றரை. புதிதாக வாங்கலாமென்றால், அந்தக் கிழட்டு மிஷின் இரண்டு ஜிபிக்கு மேல் எதைச் செருகினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அவ்வளவு சின்னது இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

அண்ணியின் கண் பிரிண்டருக்குப் பின்னால் போயிற்று. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமாக ஒரு லினக்ஸ் கணினி. பிரிண்டரை வைஃபையில் இணைப்பதற்காக வாங்கியது. அந்த வகைக் கணினிக்குப் பென் டிரைவ் வேஷம் கட்டவும் தெரியும் என்று எப்போதோ படித்திருந்தாள்.

முந்தானையைச் செருகிக்கொண்டு, டிசைன் வரையும் லேப்டாப் முன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வைஃபை வழியாக அந்தக் குட்டிக் கணினிக்குள் ஐநூறு எம்பிக்கு வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கி, பழைய பாணியில் ஃபார்மட் செய்தாள். அதற்குள் டிசைனை வைத்தாள். யார் கேட்டாலும் இந்தக் கோப்புதான் பென் டிரைவ் என்று காட்டு என்று உத்தரவும் எழுதினாள். கணினியைக் கேபிளோடு சேர்த்து ஒரு சாக்ஸுக்குள் போட்டு, கிளிப்பை நம்பாமல் மூன்று முடிச்சுப் போட்டு இறக்கினாள்.

"என்ன அண்ணி இது, சாக்ஸுக்குள்ள?"

"பென் டிரைவ்."

"பென் டிரைவுக்கு எதுக்கு இத்தனை ஓட்டை?"

"வாயாடாம மிஷின்ல மாட்டு."

சின்ன விளக்கு எரிந்தது. மிஷின் மட்டும் அசையவில்லை. அண்ணி தான் எழுதியதையெல்லாம் பத்து நிமிடம் வரி வரியாகத் துருவினாள். பிழை இல்லை. அப்புறம்தான் கேட்கத் தோன்றியது.

"கேபிளை எந்த ஓட்டையில குத்தின?"

"ஓரத்துல இருக்கறதுல."

"அது சாப்பிடற வாய்! கரண்ட் மட்டும்தான் போகும். பக்கத்துல இருக்கறதுதான் பேசற வாய்."

"ரெண்டு வாய்னு முதல்லயே சொல்றதுக்கென்ன? எனக்கெல்லாம் ஒன்னுதான்."

"அந்த ஒன்னையே உன்னால மூட முடியல!"

மாற்றி மாட்டியதும் மிஷின் பீப் என்றது. நாத்தனார் போட்ட கூச்சலில் எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. "அண்ணி! 'பட்டாசு' வந்துடுச்சு!"

ஆனால் ஐந்தாவது பெயரை வைஃபையில் அனுப்பிய பிறகும் திரையில் பட்டாசு மட்டுமே நின்றது. எதையாவது செருகிய நொடியில் மிஷின் ஒரு தடவை அதிலுள்ள பட்டியலைப் படிப்பதோடு சரி. பிறகு உள்ளே யானையே வந்து நின்றாலும் திரும்பிப் பார்க்காது.

"பிடுங்கி மாட்டட்டுமா?"

"கைய வைக்காத! பிடுங்கினா கரண்ட் போய் அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர் செத்துப் பொழைச்சு வர ரெண்டு நிமிஷம் ஆகும்."

பென் டிரைவாக நடிக்கத் தெரிந்ததற்குக் கழன்றுபோனதாக நடிக்கத் தெரியாதா? நான்கு வரி எழுதினாள். கழன்றுவிட்டதாகக் காட்டு, புது டிசைனை வை, மறுபடி மாட்டியதாகக் காட்டு. என்டர் தட்டினாள். யாரும் தொடாமலே கீழே பீப் என்றது.

"அண்ணி, நான் தொடவே இல்ல!"

"நான்தான் தொட்டேன், மேல இருந்து!"

அதற்கப்புறம் வேலை பறந்தது. போன் மணி, என்டர், பீப், தடதடவென்று ஊசி. கோல்கீப்பருக்குச் 'சுவர்'. நடுவரிடம் ஓயாமல் சண்டை போடுகிறவளுக்கு 'வக்கீல்'. நாலே முக்காலுக்குப் பதின்மூன்று முடிந்து, குழுத்தலைவியின் பெயர் மட்டும் வரவில்லை. வாசலில் பஸ் ஹாரன் அடித்தது. கடைசியில் பெயர் பஸ்ஸின் ஜன்னல் வழியாகவே கத்தலாக வந்தது: "நத்தை! எல்லாரும் ஏறிட்டாங்களான்னு எண்ணிட்டு எப்பவும் கடைசியாத்தான் ஏறுவா!"

அண்ணி இரண்டே நிமிடத்தில் எழுத்தை அமைத்து என்டர் தட்டினாள். பீப்.

ஐந்து அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது நாத்தனார் மாடியைப் பார்த்துக் கை நீட்டிப் பயிற்சியாளரிடம் ஏதோ சொன்னாள். முடிந்த ஜெர்சிகளைப் போட்டுக்கொண்டு குழு பஸ்ஸிலிருந்து இறங்கி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றது. அண்ணி கட்டுப்போட்ட காலை நாற்காலியில் ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பதின்மூன்று முதுகுகள். பதினான்காவது முதுகு, நூல் பிசிறு தொங்கத் தொங்க, கடைக்குள்ளிருந்து ஓடிவந்து ஓரத்தில் நின்றது. அண்ணி ஒவ்வொன்றாக உரக்கப் படித்தாள். படித்த ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு ஆரவாரம்.

பஸ் கிளம்பியதும் நாத்தனார் தெருவில் நின்றபடியே கத்தினாள்: "அண்ணி! இன்னும் ஆறு குழுவுக்கு நாமதான் செய்யணுமாம்!"

"செஞ்சுடலாம்! பேரை மட்டும் இப்பவே சண்டை போட்டு முடிச்சுக்கச் சொல்லு!"