காமாட்சியம்மாள் கடைச் சுவரில் ஓடிய படம்

ஒரகடத்தை ஒட்டிய வடக்குப்பட்டில், நைட் ஷிஃப்ட் பார்க்கும் நயினார் பகல் தூக்கத்தில் காணும் கனவு, அறைக்கு எதிரே காமாட்சியம்மாளின் டிபன் கடைச் சுவரில் தெரியும். அவன் அறைக் கதவைச் சாத்தினாலும் தெரியும், ஜன்னலில் போர்வை கட்டினாலும் தெரியும். முதல் வாரம் கொஞ்சம் பேச்சிருந்தது. பிறகு காமாட்சியம்மாள் சுவரிலிருந்த சிமெண்ட் விளம்பரத்தின் மேல் வெள்ளையடித்து, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டாள். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ராத்திரி காலையில்தான் வரும். நைட் ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும் நேரத்தில் எந்தச் சினிமாக் கொட்டகையும் திறந்திருக்காது. திறந்திருந்தாலும் வாலாஜாபாத் வரை போய்வரக் காலில் தெம்பிருக்காது. ஆகவே பையன்களும், பெண்கள் விடுதியில் இருந்தவர்களும் இட்லித் தட்டோடு அங்கேயே உட்கார்ந்தார்கள். சுவரில், பிரஸ் மெஷினில் நயினார் தகட்டை வைப்பான், வெள்ளாடு வந்து விழும், நெற்றியில் ஓகே ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவான். சத்தம் வராது என்பதால் அறைக்கூட்டாளி அந்தோணிராஜ் பக்கத்தில் நின்று பேசுவான். "அந்தக் கெடா ரிஜெக்ட்டுலே. கொம்பு அலைன்மெண்ட் சரியில்ல."

ஆடி மாதத்தில் சுவரில் ஒரு பெண் வந்தாள். நீலத் தொப்பி, முகமூடி, கோட்டில் 41 என்ற எண். கண்ணாடிக்கு அப்பால் நின்று, நயினாரின் ஹெல்மெட் வார் தொங்குவதைக் கையால் காட்டுவாள். தினமும் அவ்வளவுதான். அவன் கம்பெனியில் எலக்ட்ரானிக்ஸ் லைன் கண்ணாடி அறைக்குள் இருந்தது. அங்கே கோட்டு யாருக்கும் சொந்தமில்லை, ஷிஃப்ட் மாறினால் கோட்டும் கை மாறும். பிரஸ் ஷாப்புக்காரனான நயினாருக்கு இது தெரியாது. எண்ணை வைத்து ஆளைப் பிடிக்கலாம் என்று, பஸ்ஸில் ஒருத்தியிடம் நாற்பத்தொன்று யார் என்று கேட்டுவிட்டான். மாலைக்குள் அது காதில் விழுந்து, விடுதி வார்டன் அந்தக் கோட்டுப் போட்ட அத்தனை பெண்களையும் நிற்கவைத்துத் திட்டினாள். சுவரில் வருகிறவள் எவள் என்று தெரிந்தால் பெட்டியோடு ஊருக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னாள்.

நயினார் தூங்குவதை விட்டான். ஓவர்டைம் கேட்டு வாங்கினான், பகலெல்லாம் டீ குடித்துக்கொண்டு நடந்தான். "இன்னாபா, கண்ணு மொளகாப் பழமாட்டம் கீது, போய்ப் படேன்" என்றாள் காமாட்சியம்மாள். "படுத்தா ஒரு பிள்ளைக்கு வேல போயிரும்க்கா" என்றான். சுவர் வெறும் சுவராக இருந்தது. அப்புறம் ஒரு நாள் பிரஸ் மெஷின் அவன் கையுறையின் இரண்டு விரல் நுனிகளை எடுத்துக்கொண்டது. உள்ளே இருந்த விரல்கள் மயிரிழையில் தப்பின. சூப்பர்வைசர் அவனை அறைக்கு விரட்டினார். அங்கேயும் அவன் படுக்கவில்லை.

மறுநாள் காலை ஒரு பெண் நேரே வந்து அவன் அறை வாசலில் நின்றாள். அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"யாரு நீங்க?"

"முத்துச்செல்வி. கம்பெனில கண்ணாடிக்குள்ள நின்னு ஹெல்மெட் வார மாட்டச் சொன்னது நாந்தான். மண்டை பொழைக்கட்டும்னு காட்டுனா, நீங்க வெரலக் குடுத்துட்டு வருவீங்க போல."

"நான் தூங்குனா உங்க மொகம் சொவத்துல வந்துரும்."

"வரட்டும். என்னால மத்த பிள்ளைகளும்லா ஏச்சு வாங்குதாங்க. என் மொகத்த நல்லாப் பாத்துக்கிட்டுப் படுங்க."

கொஞ்ச நேரம் நின்றாள். அவன் பார்த்தான். அவள் விடுதிக்குப் போனதும் படுத்துவிட்டான்.

சுவரில் முத்துச்செல்வி முழு முகத்தோடு வந்தாள். கோட்டு இல்லை. கண்ணாடியும் இல்லை. "பொண்ணு லட்சணமாத்தான் கீது" என்று காமாட்சியம்மாள் சட்னி ஊற்றினாள். சேதி கேட்டு வந்த வார்டன், சுவரைப் பார்த்ததும் விடுதிக்கு ஓடினாள். முத்துச்செல்வி தன் கட்டிலில் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். விடுதிப் பதிவேட்டில் அவள் உள்ளே வந்த நேரம் சரியாகப் பதிந்திருந்தது. அடுத்தவர் கனவுக்குப் போய்வருவது பற்றி விடுதி விதிகளில் எதுவும் இல்லை. வார்டன் மேலிடத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள். அவர்களும் அப்படி ஒரு விதி இல்லை என்றார்கள்.

வார்டன் கடைக்குத் திரும்பி வந்து, ஓரமாக ஒரு நாற்காலி கிடைக்குமா என்று கேட்டாள். நயினார் சாயங்காலம் வரை தூங்கினான்.