கந்தகம் தாண்டாத தாள்

ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் அவள் முதலில் பார்ப்பது தன் பேட்டரி செல்லைத்தான். இன்று சோதனைக் கருவியில் அதன் கவ்வியில் வேறொரு செல் உட்கார்ந்திருந்தது. அவளுடையது, சட்டைப் பொத்தான் அளவுள்ள லித்தியம்-கந்தக பேட்டரி, மேஜையில் ஒரு மூடிக்குள் கிடந்தது.

"யாரு எடுத்தது?"

கூட ஆராய்ச்சி செய்யும், அவள் ஒட்டடைக்குச்சி என்று பட்டப்பெயர் வைத்திருந்த ஒல்லிப் பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "சார்தான் எடுத்துட்டு அவரோடதை மாட்டச் சொன்னாரு. நாளைக்கு வண்டிக் கம்பெனி ஆளுங்க பாக்க வர்றாங்கல்ல."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதக்கணக்காக, நிறுத்தாமல் சார்ஜ் ஏறி இறங்கி ஓடிய செல். இந்த வகை பேட்டரியைச் சீக்கிரம் கொல்வது அதன் கந்தகமேதான். திரவத்தில் கரைந்து, நடுவிலுள்ள தாளைத் தாண்டிப் போய் லித்தியத்தை அரித்துவிடும். அதைத் தடுக்கத்தான் தாளில் அவள் ஒரு பூச்சு பூசியிருந்தாள். பேராசிரியரின் செல்லில் அதெல்லாம் கிடையாது. திரவத்தை வாரி ஊற்றியிருந்தார். ஊற்றினால் எந்தச் செல்லும் கொஞ்ச காலம் அழகாக ஓடும். வண்டியில் வைக்கும் எடைக்குத் திரவத்தைக் குறைத்துப் பார்க்கட்டும், அப்போது தெரியும் வண்டவாளம்.

அவர் அறைக்கே போய்க் கேட்டாள்.

"ஏம்மா இப்படிக் குதிக்கிற? உன்னோடது தாங்குற அளவு நாளுக்கு நாள் இறங்கிக்கிட்டேதானே இருந்துச்சு. சாகப்போற செல்லுக்கு எதுக்கு ஒரு இடம்?"

"கொஞ்சம்தான் சார் இறங்குச்சு. கந்தகம் தாண்டலைன்னா அது இன்னும் ஓடும்."

"தாண்டலைன்னு நீ பாத்தியா?"

பார்க்க வேண்டுமானால் வெட்டித்தான் பார்க்க வேண்டும். வெட்டிய செல் திரும்ப ஓடாது. திரும்ப மாட்டுங்கள் என்று ஒரு வார்த்தை கெஞ்சியிருந்தால் போதும், நாளை மறுநாள் இடம் கிடைத்திருக்கும். கெஞ்ச வாய் வரவில்லை.

"வாங்க, காட்டறேன்."

காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் தன் செல்லை வைத்து, அதன் ரப்பர் கையுறைகளுக்குள் கைகளை நுழைத்தாள். "வேணாம்டி, விடு," என்றான் ஒட்டடைக்குச்சி. விடவில்லை. செல்லின் உலோக ஓட்டைப் பிளந்தாள். தாளின் ஒரு பக்கம் முழுக்க மஞ்சள் கறை. இடுக்கியால் மெதுவாகப் புரட்டினாள். லித்தியத்தைத் தொட்டிருந்த பக்கம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

பேராசிரியர் குனிந்து பார்த்தார். "இது இன்னும் ரொம்ப நாள் ஓடியிருக்குமே," என்றார், தன்னை மறந்து.

அவள் தாளைக் கண்ணாடியோடு சேர்த்து, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். மறுபுறம் அவருடைய மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. அவர் துடைத்தார். மறுபடியும் மங்கியது.