லெங்வே போட்ட முன்னறை

சோபாவை வெளியே தூக்கிக்கொண்டு போனவர்கள் கதவைத் தேடவில்லை. பழைய முன்சுவர் இருந்த இடத்தில் இப்போது சுவரே இல்லை. நேராக நடந்து, புதுச்சுவரில் கதவுக்காக விட்டிருந்த இடைவெளி வழியே முற்றத்தில் இறங்கினார்கள். "இதுவும் ஒரு வசதிதான்" என்று ஒருவன் சொன்னான். இன்னொருவன் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான்.

மெத்தையில் போர்வையைப் போர்த்தி உட்கார்ந்திருந்த முகூகாவின் காதில் எல்லாம் விழுந்தது. அவள் கணவன் லெங்வே இறந்து இது மூன்றாம் நாள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே நெஞ்சு நின்றுவிட்டது. நாளை வியாழக்கிழமை காலை உடல் வீட்டுக்கு வரும். அழ வரும் பெண்கள் தரையில் உட்காரவேண்டும் என்று அறையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் அறை என்று சொல்ல அங்கே பாதிதான் இருந்தது. லெங்வே முன்சுவரை இடித்து, மேலே உத்தரம் கொடுத்து, வராந்தாவைச் சுற்றிப் புதிதாகச் சுவர் எழுப்பியிருந்தான். அந்தச் சுவர்களுக்கு மேலே வெறும் வானம். நவம்பர் மாதம். சுரங்க ஊரான முஃபுலிராவில் நவம்பர் வானத்தை நம்பி யாரும் துணிகூடக் காயப்போட மாட்டார்கள்.

லெங்வே சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் எந்திரத்தை ஓட்டியவன். சுரங்கக் கம்பெனி தன் வீடுகளை அவற்றில் குடியிருந்த தொழிலாளிகளுக்கே விற்ற வருஷம் அவனும் சொந்த வீட்டுக்காரன் ஆனான். அன்றிலிருந்து ஒரு சனிக்கிழமைகூட அவன் கை சும்மா இருந்ததில்லை. அவன் போட்ட சமையலறை அலமாரியில் முட்டையை வைத்தால் உருண்டு ஓரத்துக்கு வந்துவிடும். குளியலறைக் கதவு மழைக்காலத்தில் மூடாது, வெயில்காலத்தில் திறக்காது. கோழிக்கூண்டு கட்டினான், கோழிகள் மாமரத்திலேயே தூங்கின. எதிர்வீட்டு சக்காலா சுரங்கத்தில் தச்சு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஃபுட்பால் மேட்ச் பார்ப்பதுபோல லெங்வேயின் வேலையைப் பார்ப்பார். "டேய், உன் வீட்டுல ரசமட்டத்த வச்சா அதுக்கே தலை சுத்தும்டா!" என்று கத்துவார். லெங்வே திரும்பிக் கையை ஆட்டுவான். கோபித்துக்கொண்டதே இல்லை.

லெங்வேயின் தம்பி சித்தாலு போனைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு மெத்தையருகே வந்து குந்தினான். தலைநகர் லுசாகாவிலிருந்து நேற்றுத்தான் வந்திருந்தான்.

"அண்ணி, சர்ச் ஹாலுக்குப் பேசிட்டேன். அண்ணன அங்க வச்சுக்கலாம். அங்கேருந்தே கல்லறைக்குக் கொண்டு போயிரலாம்."

"ஏன்?"

"ஏன்னா கேக்குறீங்க? மேல பாருங்க."

முகூகா பார்த்தாள். ஒரு மேகம் கர்ப்பிணிபோல மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு எத்தன பேர் வருவாங்க! கூரைகூடப் போட முடியாமப் போய்ச் சேந்தான்னு..." மீதியைச் சித்தாலு விழுங்கிக்கொண்டான்.

அவள் கண் அந்த மொட்டைச் சுவர்மேல் போனது. போன சனிக்கிழமை லெங்வே முன்பக்கத்திலிருந்து, மகள் பெயரைச் சொல்லி வழக்கம்போல அவளைக் கூப்பிட்டிருந்தான். "கசூபாம்மா, இந்த முனையக் கொஞ்சம் வந்து பிடி." "பீன்ஸ் அடிப்பிடிக்குது. அப்புறம் வர்றேன்" என்றாள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனபோது, அவன் சட்டங்களை பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டுக் கால் கழுவிக்கொண்டிருந்தான். "பரவால்ல, அடுத்த சனிக்கிழமை பாத்துக்கலாம்." அவ்வளவுதான் பேச்சு.

முகூகா போர்வையை விலக்கிவிட்டு எழுந்து நின்றாள். சுற்றியிருந்த பெண்களின் பாட்டு நடுவரியில் நின்றது.

"எங்க எந்திரிச்ச?" என்றாள் முத்தாலே. லெங்வேயின் அக்கா. விதவையின் பக்கத்தில் இருந்து முறைகளைக் காக்கவேண்டியவள் அவள்தான்.

"சட்டமெல்லாம் பிளாஸ்டிக் தாளுக்குக் கீழ வெட்டித் தயாரா இருக்குக்கா. தகரமும் இருக்கு. கதவு படுக்கையறையில சாஞ்சு நிக்குது. ஏத்துறது ஒண்ணுதான் பாக்கி."

"உக்காருடி. புருஷன் இன்னும் மண்ணுக்குப் போகல, நீ சுத்தியல் தேடுறியா? மெத்தைய விட்டு எந்திரிச்சா ஊரு என்ன பேசும் தெரியுமா? அவன முடிச்சதே இவதான்னு பேசும்."

"பேசட்டும். வானத்துக்குக் கீழ அவரப் படுக்க வைக்க மாட்டேன். அடுத்தவங்க ஹாலுல விருந்தாளியாவும் வைக்க மாட்டேன். இத்தன வருஷம் அவர் கூப்பிட்டப்பல்லாம் முனையப் பிடிச்சேன் அக்கா. இது ஒண்ணுதான் பிடிக்கல."

முத்தாலே அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்தாள். பிறகு முத்தாலே குனிந்து, முகூகாவின் இடுப்பில் தளர்ந்து கிடந்த சித்தெங்கேத் துணியைப் பிடித்து இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"ஏணியில சிக்கிக்கும்" என்றாள்.

சேதி தெருவைத் தாண்டுவதற்குள் சக்காலா பெட்டியோடு வந்துவிட்டார். ரம்பம், இழைப்புளி, புது உளி. "லெங்வே வெட்டினதுன்னா எல்லாத்தையும் மறுபடி வெட்டணும்" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே பெட்டியைத் திறந்தார். கூடியிருந்த ஆண்கள் சிரித்தார்கள். சித்தாலு மட்டும் சிரிக்கவில்லை. கோட்டைக் கழற்றி மாமரக் கிளையில் மாட்டினான்.

சட்டங்களில் சாக்பீஸால் எண் போட்டிருந்தது. எந்த எண் எங்கே போகும் என்பதை மட்டும் லெங்வே எங்கும் எழுதிவைக்கவில்லை. ஆண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

"ரெண்டு இடப்பக்கம்" என்றாள் முகூகா. "அதுக்கு எதிர அஞ்சு. ஏழு கதவுக்கு மேல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் சக்காலா.

மூன்று மாதமாக ராச்சாப்பாட்டில் சோளக்களியைப் பிட்டுப் பிட்டுத் தட்டில் அடுக்கி லெங்வே இதையேதான் காட்டிக்கொண்டிருந்தான். "ஆறிப்போகுது, வாயில போடுங்க" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். தான் எதையும் காதில் வாங்கவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

முதல் சட்டம் சுவரில் உட்கார்ந்தது. இரண்டாவது உட்கார்ந்தது. சக்காலா ரம்பத்தைக் கீழே வைக்காமல் காத்திருந்தார். ஐந்தாவதும் உட்கார்ந்தபோது அவர் முகத்தில் ஏதோ ஆனது. ஏழாவதுக்கு முகூகாவே ஏணியில் ஏறினாள். ஏணியைக் கீழே அவள் மகள் கசூபா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு முனையை முகூகாவும் மறுமுனையைச் சித்தாலுவும் தாங்கி மெல்ல இறக்கினார்கள். சுவரில் விட்டிருந்த பள்ளத்தில் அது பானைக்கு மூடிபோல இறங்கியது.

சக்காலா மறுபக்கம் ஏறி ரசமட்டத்தை அதன்மேல் வைத்தார். குனிந்து பார்த்தார்.

"என் கண்ணாடிய யாராவது எடுங்கப்பா."

கண்ணாடி வந்தது. மறுபடி பார்த்தார். ரசமட்டத்தைத் தலைமாற்றி வைத்துப் பார்த்தார். குமிழ் நட்டநடுவில் நின்றது, அசையவில்லை. அவர் இறங்கிவந்து ரம்பத்தைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியையும் மூடினார்.

"படுபாவி" என்றார். "இத்தன வருஷமா எங்கள ஏமாத்தியிருக்கான்."

ஏணி மேலிருந்து முகூகா சிரித்துவிட்டாள். விதவை சிரித்ததைக் கேட்ட பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு முத்தாலேயைப் பார்த்தார்கள். முத்தாலேயின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

நாலு மணிக்குத் தகரத்தில் கடைசி ஆணி இறங்கியது. இரட்டைக் கதவை நிலையில் மாட்டினார்கள். ஒரு விரலால் தள்ளினாலே திறந்தது, மூடியது. இடி இடித்தது, மழை வரவில்லை. முகூகா கையையும் முழங்கையையும் கழுவிக்கொண்டு மெத்தைக்குத் திரும்பிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கண்ணீர் அப்போதுதான் வந்தது. நன்றாக அழுதாள்.

மறுநாள் பெட்டி வந்தது. அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் சவப்பெட்டி நேராக உள்ளே போனதில்லை. வாசலில் ஒரு பக்கம் தூக்கி, சாய்த்து, திருப்பித்தான் நுழைப்பார்கள். உள்ளே இருப்பவர் உருண்டுவிடுவாரோ என்று பெண்கள் பதறுவார்கள். சுமந்து வந்த ஆறு பேரும் பழக்கத்தில் பெட்டியைச் சாய்க்கப் போனார்கள்.

"சாய்க்காதீங்க" என்றாள் முகூகா மெத்தையிலிருந்தே. "நேரா வாங்க."

இரண்டு கதவும் விரியத் திறந்திருந்தன. ஆறு பேரும் பக்கத்துக்கு மூன்று பேராக, ஒரு தோளும் நிலையில் உரசாமல், தலை நிமிர்ந்து உள்ளே நடந்தார்கள். முத்தாலே எழுந்து இரண்டு கையையும் மேலே உயர்த்தினாள்.

"வாடா லெங்வே! உன் வாசல் வழியா வாடா! எல்லாரும் பாருங்க, எந்தம்பி சாயாம வர்றான்!"

தெருக்கோடி வரைக்கும் அந்தக் குரல் கேட்டது. சக்காலா தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "சட்டத்தப் பாருங்க, ஒரு நூல் பிசகல" என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார்.

புதைத்துவிட்டுத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. முற்றத்தில் கரியடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆண்கள் நாற்காலிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தார்கள். ஆனால் அங்கேயே நின்றார்கள். துக்க வீட்டில் பெண்கள் உள்ளே, ஆண்கள் வெளியே. அதுதான் வழக்கம். எந்தச் சுரங்க வீட்டிலும் அதற்குமேல் இடமும் இருந்ததில்லை.

"உள்ள வாங்க" என்றாள் முகூகா. "இடம் இருக்கு."

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"வாங்கடா" என்றாள் முத்தாலே. "நனைஞ்சு சாகுறவனுக்கெல்லாம் என்னால இன்னொரு தடவ அழ முடியாது."

பெண்கள் முழங்கால்களை மடக்கி நகர்ந்தார்கள். ஆண்கள் ஒவ்வொருவராக வந்து சுவரோரம் அமர்ந்தார்கள். தகரத்தில் மழை கொட்டிய சத்தத்தில் பாட்டு கேட்கவில்லை. பெண்கள் இன்னும் உரக்கப் பாடினார்கள்.

கடைசியாக வந்தவன் சித்தாலு. நெடிய ஆள். தலை இடிக்கும் வாசல்கள் கொண்ட இந்த வீடுகளில் பிறந்து வளர்ந்தவன். வாசலுக்கு வந்ததும் தானாகவே தலையைக் குனிந்தான். இரண்டடி உள்ளே வந்தபிறகு நின்றான், திரும்பி நிலையின் மேல்சட்டத்தைப் பார்த்தான். அது அவன் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்தது. அவன் மெதுவாக நிமிர்ந்தான்.